பட்டறையும் பட்டப்படிப்பும்

மாணவி, இளமறிவியல் இயற்பியல், இரண்டாம் ஆண்டு

ஒலிபெருக்கி ஒலிக்காத ஊர் ஒன்று தமிழ்நாட்டில் உண்டா? காதணி விழாவானாலும், செடல் திருவிழாவானாலும், கட்சிக் கூட்டமானாலும், இழவு வீடானாலும் முதலில் வந்து இறங்குவது ‘மைக் செட்’தான். பந்தற்காரர் வருவதற்கு முன்பே பாட்டு வந்துவிடுகிறது. அப்படி வந்த ஆம்ப்ளிபயர் நடுவிழாவில் ஊமையாகிவிட்டால் யாரைக் கூப்பிடுகிறோம்? இயற்பியலில் பட்டம் பெற்றவரையா? இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு நின்று, கடைத்தெருவில் ஈயப்புகைக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் ஒருவரைத்தான் கூப்பிடுகிறோம். அவரும் வருகிறார். மூடியைத் திறக்கிறார். கருகிய வாடை எங்கிருந்து வருகிறது என்று முகர்ந்து பார்க்கிறார். எரிந்ததை மாற்றிவிட்டுப் போகிறார்.

நாம் படிக்கும் சமன்பாடுகள் அவருக்குத் தெரியா. அவர் செய்யும் வேலை நமக்குத் தெரியாது. ஒரே அறிவு இரண்டு வீடுகளில் தனித்தனியே குடித்தனம் நடத்துகிறது. ஒரு வீட்டுக்குப் பெயர் பட்டறை. மற்றொன்றுக்குப் பெயர் கல்லூரி. இரண்டு வீட்டுக்கும் இடையே போக்குவரத்து இல்லை. அந்தப் போக்குவரத்தை நம் கல்லூரியிலேயே தொடங்கலாம், அதற்கு ஒரே ஒரு மேசை போதும் என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல வரும் கருத்து.

மின்சாரம் பிறக்கும் ஊரில்

என் ஊர் வடக்குத்து. நெய்வேலி நகரியத்தை ஒட்டி இருக்கிறது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956-இல் தோன்றியது. 1957 மே 20-ஆம் நாள் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். சோவியத் நாட்டின் உதவியோடு எழுந்த முதல் அனல்மின் நிலையம் 1962-இல் மின்சாரம் தரத் தொடங்கி, 600 மெகாவாட் திறனுக்கு வளர்ந்து, 2020-இல் ஓய்வு பெற்றது. பின்னர் எழுந்த நிலையங்கள் இன்றும் இயங்குகின்றன. தென் மாநிலங்கள் பலவற்றுக்கும் இங்கிருந்து மின்சாரம் போகிறது. இத்தகைய மண்ணில் பிறந்த பிள்ளைகள் மின்சாரத்தைப் பற்றி அறிந்தது என்ன? சுவிட்சைப் போட்டால் விளக்கு எரியும் என்பதும், கம்பியைத் தொட்டால் உயிர் போகும் என்பதும்தான்!

என் தந்தை ஒப்பந்தத் தொழிலாளி. தாய் முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலைக்குப் போகிறவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என் தாய்மாமன் வடக்குத்தில் சவுண்டு சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். அக்காள் மகள் என்ற உரிமையில் விடுமுறை நாட்களில் அந்தக் கடையில் போய் உட்கார்ந்து, ஈயம் வைக்கவும் மீட்டர் பார்க்கவும் கற்றுக்கொண்டேன். பழுப்பு, கருப்பு, சிவப்பு என்று வளையமிட்ட மின்தடையைப் பார்த்தால் ஆயிரம் ஓம் என்று நான் கணக்குப் போட்டுச் சொல்வேன். மாமா கணக்கே போடாமல் “ஒன் கே” என்பார்.

ஒரு நாள் அவர் கேட்டார்: “ஏம்மா, பன்னெண்டு வோல்ட்டு டிரான்ஸ்பார்மர்தான் போடுறேன். டி.சி. பக்கம் மீட்டர் வச்சா பதினாறு காட்டுது. இருவது வருசமா பாக்குறேன். ஏன்னு உங்க புஸ்தகத்துல எங்கயாச்சும் போட்டிருக்கா?”

போட்டிருந்தது. மின்மாற்றியின் மேல் எழுதியிருக்கும் 12 வோல்ட் என்பது சராசரி இருமடிமூல மதிப்பு. அதன் உச்ச மதிப்பு 1.414 மடங்கு, அதாவது ஏறத்தாழ 17 வோல்ட். சமனச்சுற்றுத் திருத்தியில் இரண்டு டையோடுகள் சேர்ந்து ஒன்றரை வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாக எடுத்துக்கொள்கின்றன. மின்தேக்கி அந்த உச்சத்தில் நிரம்பி நிற்கிறது. சுமை இல்லாதபோது மின்மாற்றி எழுதியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே தரும். ஆகவே மீட்டரில் பதினாறு. ஒரு பழைய பில்லின் பின்புறத்தில் அலையை வரைந்து காட்டினேன்.

மாமா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அப்ப பதினஞ்சு வோல்ட்டு டிரான்ஸ்பார்மர் போட்டா 4440 ஏன் அவுட் ஆவுதுன்னு இப்பதான் புரியுது” என்றார்.

ஜப்பானிய சான்யோ நிறுவனம் உருவாக்கிய எல்.ஏ. 4440 என்ற ஐ.சி.யை அறியாத மைக் செட் கடை நம் நாட்டில் இராது. இரண்டு பக்கமும் 6 வாட் வீதம் தரும். பாலமாக இணைத்தால் 19 வாட் தரும். இயங்கும்போது 18 வோல்ட்டைத் தாண்டக்கூடாது என்று அதன் விவரத்தாள் சொல்கிறது. பதினைந்து என்பது பதினெட்டைவிடக் குறைவுதானே என்று எண்ணிப் பதினைந்து வோல்ட் மின்மாற்றியைப் போட்டால், மின்தேக்கியில் இருபதை நெருங்கிவிடும். ஐ.சி. செத்துப்போகும்.

மாமாவுக்கு அந்த எண் இருபது ஆண்டுகளாகத் தெரியும், காரணம் தெரியாது. எனக்குக் காரணம் தெரியும்; அதில் ஒரு ஐ.சி.யின் உயிர் அடங்கியிருக்கிறது என்பது பாடநூலில் இல்லை. இரண்டும் சேர்ந்தது அந்தக் கடையின் மேசையில்தான். கல்லூரியில் அத்தகைய மேசை ஏன் இருக்கக்கூடாது?

ஆய்வகத்தில் நாம் செய்வது

செய்முறை வகுப்பில் நாம் செய்வதை எண்ணிப் பாருங்கள். பொது உமிழ்ப்பான் பெருக்கி என்றொரு சோதனை. பலகையின் மேல் சுற்று அழகாக வரையப்பட்டிருக்கிறது. டிரான்சிஸ்டரும் மின்தடைகளும் மின்தேக்கிகளும் பலகைக்கு அடியில் மறைந்திருக்கின்றன. மேலே தெரிவன செருகுமுனைகள் மட்டுமே. கம்பிகளைச் செருகுகிறோம், அதிர்வெண்ணை மாற்றுகிறோம், அளவுகளைக் குறிக்கிறோம், அரைமடக்கைத் தாளில் வரைபடம் வரைகிறோம், பதிவேட்டில் எழுதிக் கையொப்பம் பெறுகிறோம். அந்தப் பெருக்கி எதைப் பெருக்கிற்று? அலையியற்றி தந்த ஒரு சைன் அலையை. அதைத் திரையில் பார்த்திருக்கிறோம். காதால் கேட்டவர் எத்தனை பேர்?

இதற்காக நம் ஆசிரியப் பெருமக்களைக் குறை கூறுதல் முறையாகாது. வகுப்பு நேரமோ குறைவு. மாணவர் பலர்; கருவிகள் சில. பாடத்திட்டத்தில் உள்ள சோதனைகளை எல்லாம் முடித்தாக வேண்டும். தேர்வு நாளன்று கருவி பழுதாகிவிட்டால் ஒரு மாணவரின் மதிப்பெண் போய்விடும். எனவே எல்லாவற்றையும் பற்றவைத்து மூடிப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அது தேர்வுக்கு ஏற்ற ஏற்பாடு. ஆனால் அந்த ஏற்பாட்டில் ஒன்று விடுபட்டுப் போகிறது. பழுது என்பது எப்படி இருக்கும் என்பதே நமக்குத் தெரியாமற் போகிறது. ஒழுங்காக வேலை செய்யும் சுற்று அவ்வளவாக எதையும் கற்பிப்பதில்லை. ஊமையாகிப் போன சுற்றுதான் ஒவ்வொரு கம்பியாக நம்மை நடத்திக்கொண்டு போய்ப் பாடம் சொல்கிறது.

காதே ஆசான்

சுற்று கட்டக் கற்றுக்கொள்ள விரும்புகிற தொடக்க மாணவர் எதிலிருந்து தொடங்குவது? ஒலியிலிருந்து தொடங்குவதே நல்லது என்பேன். காரணம் எளிது. ஒலியை அளக்கும் கருவியை ஒவ்வொருவரும் தலையின் இரு பக்கத்திலும் இலவசமாகவே வைத்திருக்கிறோம். சுற்றில் ஏற்படும் கோளாறு ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல் உண்டு. அக்குரலைப் பழகிக்கொண்டால் பாதி நோய் தெரிந்துவிடும்.

எல்.எம். 386 என்ற சிறிய ஐ.சி.யை எடுத்துக்கொள்வோம். எட்டே கால்கள். ஒன்பது வோல்ட் பேட்டரியில் இயங்கும். ஆகவே மின்னதிர்ச்சி பற்றிய அச்சம் இல்லை. அதனோடு ஒரு சிறிய ஒலிபெருக்கி, ஒரு வால்யூம் கண்ட்ரோல், சில மின்தேக்கிகள், ஓரிரு மின்தடைகள் சேர்த்தால் ஓர் ஆம்ப்ளிபயர் ஆகிவிடும். மொத்தச் செலவு ஒரு சினிமா டிக்கெட்டின் விலையைத் தாண்டாது. அதற்குள் எத்தனை பாடங்கள் அடங்கியிருக்கின்றன என்று பாருங்கள்.

முதற்பாடம் பெருக்கம். அந்த ஐ.சி. தானாகவே 20 மடங்கு பெருக்கும். முதற்காலுக்கும் எட்டாங்காலுக்கும் இடையே 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை வைத்தால் 200 மடங்காகிவிடும். மெல்ல முணுமுணுத்தாலும் ஒலிபெருக்கி கத்தும். கூடவே இரைச்சலும் ஏறும். குறிப்பலை கூடினால் இரைச்சலும் கூடும் என்பதை அந்த நொடியில் அறிந்தவர் பிறகு மறக்கமாட்டார்.

இரண்டாம் பாடம் அதிர்வெண். ஒலிபெருக்கிக்குப் போகும் வழியில் ஒரு மின்தேக்கி இருக்கிறது. ஒலிபெருக்கியின் மறுப்பு 8 ஓம், மின்தேக்கி 220 மைக்ரோஃபாரட் என்றால், நாம் தேர்வில் எழுதும் அதே வாய்பாட்டின்படி வெட்டு அதிர்வெண் ஏறத்தாழ 90 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே உள்ள ஒலிகள் படிப்படியாகத் தேய்ந்துபோகும். அந்த மின்தேக்கியை எடுத்துவிட்டு 1000 மைக்ரோஃபாரட் வையுங்கள். எல்லை 20 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். பெட்டியில் அடைத்த பெரிய ஒலிபெருக்கி ஒன்றில் தவிலின் தொப்பி ஒலியைப் போட்டுக் கேட்டால், காணாமற் போயிருந்த கனம் திரும்பி வந்திருப்பது தெரியும். வரைபடத்தாளில் ஒரு வளைகோடாக மட்டும் நாம் பார்த்தது இதைத்தான்.

மூன்றாம் பாடம் திருத்தி. பேட்டரிக்குப் பதில் வீட்டு மின்சாரத்தில் இயங்கும் ஆம்ப்ளிபயர் உறுமினால், வடிகட்டும் மின்தேக்கி போதவில்லை அல்லது வறண்டுவிட்டது என்று பொருள். முழு அலைத் திருத்தியில் அந்த உறுமல் 100 ஹெர்ட்ஸ். ஒரு ஆம்பியர் இழுக்கும் சுற்றில் 1000 மைக்ரோஃபாரட் மட்டும் இருந்தால், நூற்றில் ஒரு பங்கு நொடிக்குள் 10 வோல்ட் இறங்கப் பார்க்கும். அதுவே 4700 ஆனால் 2 வோல்ட்டுக்குச் சற்று மேல்தான் இறங்கும். கடையில் மாமா, “கண்டென்சர் பெருசா போடும்மா, சத்தம் சுத்தமா வரும்” என்று ஒரு வரியில் சொல்வது இந்தக் கணக்கைத்தான்.

நான்காவது, எல்லோரும் கேட்டிருக்கும் பாடம். மேடையில் ஒருவர் மைக்கைத் தூக்கிக்கொண்டு ஒலிபெருக்கிக்கு முன்னால் போனால் அது கூவுகிறதே, அது ஏன்? ஒலிபெருக்கியில் வந்த ஒலி மைக்கில் புகுந்து, பெருகி, மீண்டும் வந்து, மீண்டும் புகுகிறது. ஒரு சுற்றில் இழந்ததை எல்லாம் பெருக்கி ஈடுகட்டிவிட்டால், ஒத்த கட்டத்தில் திரும்பி வரும் அதிர்வெண் அலைவாகிவிடுகிறது. அலையியற்றிப் பாடத்தில் பார்க்ஹாசன் நிபந்தனை என்று நாம் மனப்பாடம் செய்வதும் இதுதான். திருமண வீட்டில் அது கூவும்போது காதைப் பொத்திக்கொள்கிறோம். தேர்வில் அது வரும்போது மூளையைப் பிசைந்துகொள்கிறோம். இரண்டும் ஒன்றே என்று தெரிந்தால் எவ்வளவு எளிது!

காதை நம்பி இயற்பியல் செய்வதை இழிவாக எண்ண வேண்டாம். சர் சி.வி. இராமன் 1920-இல் ‘நேச்சர்’ இதழில் நம் நாட்டு மத்தளக் கருவிகளைப் பற்றி எழுதினார். தோலின் நடுவே பூசும் கருஞ்சாந்து, மேற்சுரங்களை இசையொழுங்குக்குக் கொண்டுவருகிறது என்று விளக்கினார். மிருதங்கம் செய்யும் கைவினைஞர் காதால் அறிந்து வைத்திருந்ததைத்தான் அறிவியலார் அளந்து சொன்னார்.

மேசையில் பிறந்தவை

கையும் கருத்தும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வரலாறு சான்று சொல்கிறது.

1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் முதல் டிரான்சிஸ்டர் பிறந்தது. ஜான் பார்டீன் கோட்பாட்டாளர். வால்டர் பிராட்டேன் மாட்டுப் பண்ணையில் வளர்ந்தவர். கருவிகளைக் கட்டுவதில் வல்லவர். முக்கோணப் பிளாஸ்டிக் துண்டின் மேல் தங்கத்தாளை ஒட்டி, அதன் முனையைச் சவர அலகால் கீறி இரண்டாக்கி, ஜெர்மானியத்தின் மேல் ஒரு வில்கம்பியால் அழுத்தி வைத்தார்கள். டிசம்பர் 23-ஆம் நாள் ஆய்வகத் தலைவர்களுக்கு அதை எவ்வாறு மெய்ப்பித்துக் காட்டினார்கள் தெரியுமா? ஒருவர் பேச, அந்தப் பேச்சு பெருகி ஒலிப்பதைக் கேட்கச் செய்தார்கள். உலகின் முதல் டிரான்சிஸ்டர் செய்து காட்டிய வேலை ஆம்ப்ளிபயர் வேலைதான்! அவ்விருவருக்கும், அக்குழுவின் தலைவர் ஷாக்லிக்கும் 1956-இல் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இலங்கையில் 1920-களில் தந்தித் துறையின் தலைமைப் பொறியாளர் எட்வர்டு ஹார்ப்பரும் அவருடைய தோழர்களும், உலகப் போரில் பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவிப் பகுதிகளைக் கொண்டு ஒரு சிறு ஒலிபரப்பியைக் கட்டினார்கள். தந்தி அலுவலகத்தின் சிற்றறை ஒன்றிலிருந்து இசைத்தட்டுப் பாட்டை ஒலிபரப்பினார்கள். பழைய சாமானில் தொடங்கிய அந்த முயற்சி 1925 டிசம்பரில் கொழும்பு வானொலியாக மலர்ந்தது. பின்னாளில் தமிழ்நாட்டு வீடுகளில் எல்லாம் ஒலித்த இலங்கை வானொலியின் வேர் அதுவே.

சென்னையின் கதையும் அத்தகையதே. சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று 1924 மே 16-ஆம் நாள் சென்னை மாகாண வானொலிக் கழகத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு ஜூலை 31-ஆம் நாள் 40 வாட் ஒலிபரப்பி ஒன்றைக் கொண்டு ஒலிபரப்பும் தொடங்கிவிட்டது. நாற்பது வாட் என்பது ஒரு குண்டு பல்பின் அளவு! பணமுடையால் 1927-இல் கழகம் நின்றது. அதன் கருவி சென்னை மாநகராட்சிக்குப் போய், 1930 ஏப்ரல் முதல் நாளிலிருந்து மீண்டும் ஒலித்தது. 1938-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வரும்வரை நம் மக்களுக்கு அந்தத் தொடர்ச்சிதான் வானொலி. ஆர்வலர் சிலர் கூடித் தொடங்கியது அது.

கோவை ஜி.டி. நாயுடுவையும் இங்கே நினைக்க வேண்டும். பள்ளிப் படிப்பை முடிக்காத அவர், ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை எழுபது ரூபாய்க்குச் செய்துதர முடியும் என்று 1941-இல் அறிவித்தவர். 1945-இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்வி நிலையம் தொடங்கியபோது, நான்கு ஆண்டுப் படிப்பை நீட்டி முழக்க வேண்டியதில்லை, செய்முறையோடு கற்பித்தால் இரண்டு ஆண்டுகள் போதும் என்று வாதிட்டார். அரசு அதை ஏற்கவில்லை, அவர் விலகிக்கொண்டார். இரண்டு ஆண்டுகள் போதுமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. சமன்பாடு மெல்லத்தான் மனத்தில் இறங்குகிறது. ஆனால் மூன்று ஆண்டுகள் படித்தும் ஒரு சுற்றைக் கட்டாமலே வெளியேறலாம் என்ற நிலையைக் கண்டால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்பதில் ஐயமில்லை.

சிலர் கேட்கக் கூடியவை

“புளூடூத் வசதியோடு ஆயத்த ஆம்ப்ளிபயர் பலகையே மலிவாகக் கிடைக்கிறதே, ஈயம் வைத்துக் காலத்தை வீணாக்குவானேன்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆம்ப்ளிபயர் மட்டும் வேண்டுமென்றால் வாங்குவதே மலிவு. ஆனால் கடையில் இட்டிலி கிடைக்கிறது என்பதற்காகச் சமையல் கற்காமல் இருப்போமா? நாம் செய்ய விரும்புவது ஆம்ப்ளிபயர் வணிகமன்று. ஒரு பொருளைத் திறந்து பார்த்து, இது இதனால் இவ்வாறு இருக்கிறது என்று சொல்லும் துணிவைப் பெறுவதே நோக்கம். அந்தத் துணிவு கடையில் விற்பதில்லை.

“ஆபத்தாயிற்றே?” என்பர் சிலர். உண்மை. 230 வோல்ட் விளையாட்டுப் பொருளன்று. ஆகவேதான் பேட்டரியில் தொடங்க வேண்டும் என்கிறேன். வீட்டு மின்சாரத்தைத் தொடும் வேலை ஆசிரியர் அருகில் நின்றால் மட்டுமே. ஈயப்புகைக்குச் சன்னல் திறந்திருக்க வேண்டும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவியாக வேண்டும். பட்டறைகளில் இவற்றைச் சொல்லித்தருவோர் குறைவு. கல்லூரியில் முறையாகச் சொல்லித்தர முடியும். ஆபத்தைக் காரணம் காட்டி ஒதுங்குவதைவிட, ஆபத்தில்லாமல் செய்யக் கற்பதே கல்வி.

மூன்றாவது மறுப்பு என் வீட்டிலேயே எழுந்தது. அதுதான் கடினமானது. முந்திரிக்கொட்டையின் ஓட்டில் இருக்கும் எண்ணெய் கையைப் பொசுக்கிவிடும். சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் உடைப்பார்கள். அப்படியும் என் தாயின் விரல்கள் கறுத்துத் தோலுரிந்து கிடக்கும். நான் மாமா கடையிலிருந்து திரும்பிய ஒரு மாலையில் அம்மா சொன்னார்: “எங்கையிதான் இப்படிப் போச்சு, உங்கையாச்சும் பேனா புடிக்கட்டும்னுதான் படிக்க வக்கிறோம். நீ என்னடான்னா ஈயம் காச்சிட்டு வர்றியே!”

இந்தச் சொல்லை அலட்சியம் செய்ய எனக்கு மனம் வராது. முதல் தலைமுறையாகப் படிக்க வந்த நம் எல்லார் வீட்டிலும், படிப்பு என்றால் கைவேலையிலிருந்து விடுதலை என்றே பொருள். தலைமுறை தலைமுறையாகக் கை தேய்ந்தவர்கள் அப்படி நினைப்பதில் தவறில்லை. ஆனால் பிழைக்க வேறு வழியின்றிக் கை தேய்வது ஒன்று. ஒன்றை அறிந்துகொள்வதற்காகக் கையைப் பழக்குவது மற்றொன்று. மருத்துவர் கத்தியைப் பிடிப்பதை யாரும் கைவேலை என்று தாழ்த்துவதில்லை.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பொறியாளர் வீட்டுப் பிள்ளைக்கு வீட்டிலேயே ஒரு கருவிப்பெட்டி இருக்கும். கேட்டால் சொல்லித்தரத் தந்தை இருப்பார். நம் வீடுகளில் அது கிடையாது. நமக்குக் கல்லூரியில் கிடைக்காவிட்டால் வேறெங்கும் கிடைக்காது.

பெண்களுக்கோ இது இரட்டிப்பாகப் பொருந்தும். ஆண்பிள்ளைக்கு ஆர்வம் இருந்தால் ஏதாவதொரு மைக் செட் கடையில் போய் எடுபிடியாக நின்றாவது கற்றுக்கொள்ளலாம். பெண் எங்கே போய் நிற்பாள்? மாமா கடையில் மீட்டரும் கையுமாக நான் உட்கார்ந்திருந்தாலும், வருகிறவர் என்னைப் பார்த்துக் கேட்கும் முதற்கேள்வி, “கடையில யாரும் இல்லியா?” என்பதுதான். எனக்காவது தாய்மாமன் இருக்கிறார். என்னோடு படிக்கும் மற்றப் பெண்கள் அந்த வாசற்படியை மிதிக்கவும் முடியாது. அரசு 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. அதில் மிச்சம் பிடித்து ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன். மீட்டரைப் பணம் கொடுத்து வாங்கிவிடலாம். உட்கார இடத்தை வாங்க முடியாது. அந்த இடத்தைத் தரக்கூடியது கல்லூரி ஒன்றுதான்.

கேட்பது ஒரு மேசை

ஆகவே என் வேண்டுகோள் பெரிதன்று. இயற்பியல் ஆய்வகத்தின் ஒரு மூலையில், சன்னல் ஓரமாக ஒரு மேசை. வாரம் ஒரு நாள், வகுப்பு முடிந்தபின் இரண்டு மணி நேரம். 25 வாட் பற்றவைப்புக் கோல் நான்கு, மல்டிமீட்டர் இரண்டு, இடுக்கி, திருப்புளி, ஈயக்கம்பி, செருகிப் பழகும் பிரெட்போர்டு சில. உதிரிப் பாகங்களுக்கு நாம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக்கொள்ளலாம். நம் வீட்டுப் பரண்களில் தூங்கும் பழைய ரேடியோக்களும் டேப் ரிக்கார்டர்களும் வந்து சேர்ந்தால் அவையே பாதி சரக்கு. இயற்பியல் மாணவர் மட்டுமின்றி, வேதியியல், தமிழ், வணிகவியல் மாணவரும் வரலாம்.

அம்மேசையில் இரண்டு ஏற்பாடுகள் வேண்டும். முதலாவது, உடைந்ததற்கும் எரிந்ததற்கும் அபராதம் கூடாது. எரிந்த ஐ.சி. ஒன்றின் விலை பத்து இருபது ரூபாய்; அதற்கு அஞ்சிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் மாணவரின் இழப்பு அதைவிடப் பெரிது. இரண்டாவது, ‘பழுதேடு’ என்று ஒரு குறிப்பேடு. சுற்று எவ்வாறு நடந்துகொண்டது, எது காரணம் என்று நினைத்தோம், உண்மையில் எது காரணமாக இருந்தது என்று மூன்று பத்திகளில் எழுதி வைக்க வேண்டும். நம் பதிவேடுகளில் எல்லாச் சோதனையும் சரியாகவே முடிகின்றன; ஆதலால் அடுத்த ஆண்டு மாணவர் அவற்றிலிருந்து பார்த்தெழுத மட்டுமே முடியும். பழுதேட்டிலிருந்தோ கற்றுக்கொள்ள முடியும்.

திங்களுக்கு ஒருமுறை ஊரிலிருந்து ஒரு மெக்கானிக்கை அழைத்து, ஆசிரியருக்குரிய மரியாதையோடு நாற்காலியில் உட்கார வைத்துப் பாடம் கேட்போம். அவர் கேட்கும் கேள்விகளுக்கு நம் பேராசிரியர்கள் கரும்பலகையில் விடை சொல்லட்டும். அந்த ஒரு மணி நேரம் இரு தரப்பாருக்கும் பயன் தரும் என்று மாமா கடையில் நான் கண்ட அனுபவத்தால் சொல்கிறேன். மாணவர்க்குத் திறன் பயிற்சி வேண்டும் என்பதை ஏற்று அரசு 2022-இல் ‘நான் முதல்வன்’ திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது. அதன் வகுப்புகளோடு இப்படி ஒரு மேசையும் சேர்ந்தால் படிப்புக்குக் கை முளைத்தாற்போல் ஆகும்.

மாணவத் தோழர்களே! மேசை கிடைத்தால் வந்து உட்கார வேண்டியவர்கள் நாம்தான். முதல் நாளில் ஈயம் உருண்டு ஓடும், விரல் சுடும், சுற்று ஊமையாக இருக்கும். அஞ்ச வேண்டாம். பேட்டரி முனை சரியா, மின்தேக்கியின் நேர்முனை எது, ஐ.சி.யின் முதற்கால் எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். காரணமில்லாமல் எந்தச் சுற்றும் ஊமையாவதில்லை. அந்தக் காரணத்தைத் தானே கண்டுபிடித்தவருக்கு, அதற்குப் பிறகு எந்தப் பெட்டியும் மூடிய பெட்டியாகத் தோன்றாது.

அடுத்த ஆண்டுக் கல்லூரி விழாவில் முதல்வர் அவர்கள் பேசும் மைக்குக்கு நாம் கட்டிய ஆம்ப்ளிபயர் துணை நிற்கட்டும். அது சற்றே உறுமினாலும் குறையொன்றுமில்லை. அந்த உறுமல் 100 ஹெர்ட்ஸ் என்றும், அதற்கு எந்த மின்தேக்கியை மாற்ற வேண்டும் என்றும் சொல்வதற்கு அவையில் பத்து மாணவியராவது இருப்பார்கள்.